சின்ன ரத்தக்குழாய்க்குப் பலூனா, ஸ்டென்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம், இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் ஒரு கேத் லேபில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். டேபிளுக்குப் பக்கத்தில் நின்று பலூனைப் பிரித்துக் கொடுக்கிற, பிரஷர் அளவைச் சத்தமாகச் சொல்கிற ஆள். ஊருக்குப் போனால் கல்யாணப் பந்தியிலும் கேள்வி வரும், கருமாதி வீட்டுத் திண்ணையிலும் கேள்வி வரும். இதயத்தின் பெரிய குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் என்ற கம்பி வலை வைத்தார்கள் என்றால் ஜனங்களுக்கு ஓரளவு பழகிவிட்டது. “சின்னக் குழாய்தான், ஸ்டென்ட் வேண்டாம், பலூனால் விரித்துவிட்டால் போதும்” என்று டாக்டர் சொன்னால்தான் குழப்பம், சந்தேகம், சில நேரம் சண்டை. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ஆஞ்சியோ (குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம்) சி.டி.யைப் பார்த்த டாக்டர் சொல்வதே முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ஸ்டென்டே வைக்கவில்லை. பலூன் மட்டும் அடித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதனால் முதலில் வைத்தேன். ஒருமுறை ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு இப்படிச் செய்தோம். மறுநாள் காலை அவர் மகன் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். “அண்ணே, எங்க மாமாவுக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. எங்க அப்பாவுக்கு உள்ள ஒண்ணுமே இல்லையே, எதுக்கு இவ்வளவு காசு?” அவர் கோபத்தில் நியாயம் உண்டு. உள்ளே ஒரு பொருள் இருந்தால்தான் வைத்தியம் நடந்ததாக நமக்குப் படுகிறது.

அவருக்குப் போட்டது மருந்து தடவிய பலூன். ஒரு நிமிடம் போல விரிந்து, மருந்தைக் குழாய்ச் சுவரில் ஒட்டிவிட்டு வெளியே வந்துவிடும். பொருள் வந்துவிட்டது, மருந்து அங்கேயே இருக்கிறது. சின்னக் குழாய்களில் எதையும் விட்டுவிட்டு வராமல் இருப்பதே நோக்கமாக இருக்கும் இடங்கள் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். ஸ்டென்டோ பலூனோ, ஒவ்வொன்றின் பெட்டியிலும் பெயர், அளவு, லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். அதைக் காட்டச் சொல்லுங்கள். போட்டது சாதாரண பலூனா, மருந்து பலூனா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் விலையிலும் வேலையிலும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சின்னக் குழாய் என்றால் எவ்வளவு சின்னது?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் தொடக்கத்தில் 3.5 முதல் 4 மி.மீ. அகலம் இருக்கும். 2.75 மி.மீ.க்குக் குறைந்தால் சின்னக் குழாய் என்பார்கள், சிலர் 3 மி.மீ.யையே எல்லையாக வைப்பார்கள். டயகனல், ஓ.எம். என்று ரிப்போர்ட்டில் பார்க்கிறீர்களே, அந்தக் கிளைகள் பெரும்பாலும் 2, 2.5 மி.மீ.தான். பால்பாயின்ட் பேனா ரீஃபிலை விட மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழாயே போகப் போக மெலிந்து கடைசியில் இந்த அளவுக்கு வந்துவிடும். ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் மாதிரிதான்.

படத்தில் சின்னதாகத் தெரிவதெல்லாம் சின்னதும் இல்லை. குழாய் சுருங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மெலிந்து தெரியும். அதனால்தான் அளவெடுப்பதற்கு முன் நைட்ரோகிளிசரின் மருந்தைக் குழாய்க்குள்ளேயே செலுத்தி விரிய வைத்துப் பார்ப்போம். சர்க்கரைக்காரர்களுக்கு நீளம் முழுவதும் சீராகக் கொழுப்புப் படிந்து, நல்ல அகலமான குழாயே சின்னது போல நடிக்கும். உள்ளே ஒளியாலோ ஒலியாலோ படம் பிடிக்கும் கருவியை விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெரிய குழாயில் ஸ்டென்ட் வைக்கலாம் என்றால் சின்னதில் ஏன் தயங்குகிறார்கள்?

நம் பக்கம் வாய்க்கால்களுக்கு சிமென்ட் லைனிங் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கால்வாயில் இரண்டு பக்கமும் அரையடி போனால் யாருக்கும் தெரியாது. வயலுக்குப் போகிற ஒன்றரை அடி வாய்க்காலில் அதே அரையடியைப் போட்டால் தண்ணீருக்கு மிஞ்சுவது எவ்வளவு? ஸ்டென்ட் விஷயமும் அதுதான்.

கணக்காகவே பார்ப்போம். ஸ்டென்ட் என்ற கம்பி வலை உள்ளே இருக்கும்போது, உடம்பு அதன்மேல் சதை வளர்த்து மூடும். மருந்தில்லாத பழைய ஸ்டென்ட்களில் இந்தச் சதை வளர்ச்சியால் குழாயின் அகலம் 0.8 முதல் 1 மி.மீ. வரை குறையும். குழாய் பெரியதா சின்னதா என்று சதை பார்ப்பதில்லை, வளர்கிற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். 3.5 மி.மீ. குழாயில் 0.9 போனால் 2.6 மிஞ்சும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. 2.25 மி.மீ. குழாயில் 0.9 போனால் 1.35. நெஞ்சு வலி திரும்ப வந்துவிடும். குழாயின் அகலம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓடும் அளவு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது திரவ ஓட்டத்தின் விதி. சின்னக் குழாயில் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மதிப்பு உண்டு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1977 செப்டம்பர் 16-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக விழித்திருக்கும் மனிதரின் இதயக் குழாயைப் பலூனால் திறந்தார். திறந்த குழாய் சிலருக்குத் திரும்பச் சுருங்கியது, சிலருக்கு உடனே கிழிந்து அடைத்தது. அதைத் தாங்கிப் பிடிக்க 1986-ல் ஸ்டென்ட் வந்தது. ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்தது. அதைத் தடுக்க 2002, 2003 வாக்கில் மருந்து தடவிய ஸ்டென்ட் புழக்கத்துக்கு வந்தது. முதலில் தடவிய சிரோலிமஸ் மருந்து ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. அடுத்து வந்த பக்லிடாக்சல் யூ மரப் பட்டையில் கண்டுபிடித்தது, புற்றுநோய்க்கும் அதுதான் மருந்து. கம்பியும் மெலிந்துகொண்டே வந்தது. முதல் மருந்து ஸ்டென்டின் கம்பி 0.14 மி.மீ. கனம், இப்போது வருவது 0.06 முதல் 0.08. அதனால் இன்றைய ஸ்டென்டைச் சின்னக் குழாயில் வைப்பதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2, 2.25 மி.மீ. அளவிலும் ஸ்டென்ட் வருகிறது, நானே எத்தனையோ பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

மருந்து பலூன் போடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மணிக்கட்டு வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழல் போகும். அதற்குள் 0.36 மி.மீ. கம்பி ஒன்று அடைப்பைத் தாண்டிப் போகும். முதலில் சாதாரண பலூனால் அடைப்பை நன்றாக விரிப்பார்கள். கார் டயருக்கு இரண்டு மடங்கு வளி அழுத்தம் போதும், இங்கே பத்து, பன்னிரண்டு, அதற்கு மேலும் போகும். இந்த முதல் விரிப்புதான் முக்கியம். இது சரியாக வராமல் மருந்து பலூன் போடுவது, உழாத வயலில் விதை தெளிப்பதுதான்.

அப்புறம் நிறுத்திப் பார்ப்பார்கள். குழாய் போதுமான அளவு திறந்ததா, மிச்ச அடைப்பு 30 சதவீதத்துக்குள் இருக்கிறதா, ஓட்டத்தைத் தடுக்கும் பெரிய கிழிசல் விழுந்ததா என்று. எல்லாம் சரி என்றால் மருந்து பலூன். இல்லையென்றால் ஸ்டென்ட்தான், வேறு பேச்சில்லை. “பலூன்னு சொல்லிட்டு ஸ்டென்ட் வச்சுட்டாங்க” என்பதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

மருந்து பலூனைக் கையால் தொடக்கூடாது, உப்புத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. ரத்தத்துக்குள் போனதுமே மருந்து கரைய ஆரம்பித்துவிடும். அதனால் இரண்டு நிமிடத்துக்குள் இடத்துக்குக் கொண்டுபோய் விரித்துவிட வேண்டும். விரித்து முப்பது முதல் அறுபது வினாடி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் நிற்பதால் நெஞ்சு இறுக்கும். நான் எண்ணிக்கொண்டே, “ஐயா, இன்னும் பத்துதான், பல்லைக் கடிச்சுக்குங்க” என்பேன்.

சரி, இரண்டில் எது நல்லது? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது, இரண்டு ஆய்வைச் சொல்கிறேன். 2018-ல் லான்செட் இதழில் வந்த பாஸ்கெட்-ஸ்மால் 2 என்ற ஆய்வில் 3 மி.மீ.க்குக் குறைந்த குழாய் உள்ள 758 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்துக்குள் இதயச் சாவு, மாரடைப்பு, அதே குழாயைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது என்று எல்லாம் சேர்த்து மருந்து பலூனில் 7.5 சதவீதம், மருந்து ஸ்டென்டில் 7.3 சதவீதம். மூன்று வருடம் கழித்தும் இரண்டும் 15 சதவீதம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் விரிப்பு நன்றாக வந்தவர்களை மட்டும்தான் அதில் சேர்த்தார்கள்.

2024-ல் சீனாவிலிருந்து ரெக்-கேஜ்ஃப்ரீ 1 என்று இன்னொன்று வந்தது. 2,272 பேர், சின்னது பெரியது என்று பார்க்காமல் எல்லா அளவுக் குழாயும். அதில் இரண்டு வருடத்தில் பலூன் பக்கம் 6.4, ஸ்டென்ட் பக்கம் 3.4 சதவீதம் பேருக்குத் தொந்தரவு. ஸ்டென்ட் முந்திவிட்டது. எல்லா இடத்துக்கும் பலூன் போதும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் அடங்கினார்கள்.

பலூனுக்குப் பலூனும் வித்தியாசம் உண்டு. 2010-ல் வந்த பிக்கோலெட்டோ ஆய்வில் அன்றைய ஒரு மருந்து பலூன் ஸ்டென்டிடம் மோசமாகத் தோற்று, ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. என் கணக்கு இதுதான்: குழாய் நிஜமாகவே சின்னது, முதல் விரிப்பு சுத்தம், ரத்தக் கசிவு பயம் உள்ள வயதானவர் என்றால் மருந்து பலூன் நல்ல தேர்வு. குழாய் 3 மி.மீ. தாண்டினால் ஸ்டென்ட்.

சின்னக் குழாய்தானே, அப்படியே விட்டுவிட்டால் என்ன?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. “90 பர்சென்ட் பிளாக்” என்று காதில் விழுந்ததும் குடும்பமே நடுங்கிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. எந்தக் குழாயில் 90 என்பது சதவீதத்தை விடப் பெரிய கேள்வி. முன்பக்கப் பெரிய குழாயின் தொடக்கத்தில் இருக்கும் அடைப்பும், 2 மி.மீ. கிளையின் நுனியில் இருக்கும் அடைப்பும் ஒன்றில்லை. தலை மதகு அடைத்தால் ஊரே காயும், கடைசிக் கன்னி வாய்க்கால் அடைத்தால் இரண்டு மா வயல் காயும். அந்த இரண்டு மாவுக்காரருக்கு அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவசரம் வேறு.

மாரடைப்பு வந்து அதற்குக் காரணமே அந்தச் சின்னக் குழாய்தான் என்றால் திறக்க வேண்டியிருக்கும். நடந்தால் வலி, உட்கார்ந்தால் சரியாகிறது என்ற நிலையான வலிக்கு நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரைப் பார்த்தது, அதில் இந்திய மருத்துவமனைகளும் இருந்தன. இப்படிப்பட்ட நிலையான நோயாளிகளுக்கு உடனே ஆஞ்சியோ செய்து குழாயைத் திறந்ததால், நல்ல மாத்திரையோடு இருந்தவர்களை விடச் சாவு குறையவில்லை. வலி அடிக்கடி வருபவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதாவது திறப்பது வலிக்கான வைத்தியம், ஆயுளுக்கான வைத்தியம் மாத்திரை. இடது பிரதானக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்கள் இதை வைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

பாதி அடைப்பாகத் தெரியும் இடங்களில் அழுத்தம் அளக்கும் கம்பியை உள்ளே விட்டு எஃப்.எஃப்.ஆர். என்ற அளவை எடுக்கலாம். 0.80-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “சார், இந்தக் கிளை எவ்வளவு தசைக்கு ரத்தம் கொடுக்குது? மாத்திரையை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாச்சா?” நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அடைப்பு என்பது வாய்க்காலில் வண்டல் சேர்வது போலத்தானே? தூர்வாரிவிட்டால் சரியாகிவிடாதா?

நானே இத்தனை வாய்க்கால் கதை சொன்னேன், இந்த இடத்தில் மட்டும் அது பொருந்தாது. கொழுப்பு குழாயின் நடுவில் வந்து உட்காருவதில்லை, சுவருக்குள் சேருகிறது. கரையே உள்பக்கம் வீங்கி ஓடையைக் குறுக்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பலூன் எதையும் வாரி வெளியே எடுப்பதில்லை, வீங்கிய கரையை அமுக்கி விரிக்கிறது. பக்கத்துக் கரை அடுத்து வீங்காமல் இருக்க கொலஸ்ட்ரால் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது மூன்றும்தான் வழி.

ஆஞ்சியோவில் எல்லாம் சுத்தம் என்கிறார்கள். ஆனால் வலி இருக்கிறது. இதுவும் சின்னக் குழாய் நோயா?

பெயர் ஒன்று போல இருந்தாலும் இது வேறு. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நுண்குழாய்கள் ஆஞ்சியோவில் தெரியவே தெரியாது. அவை சரியாக விரியாவிட்டாலும் வலி வரும், பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். அதற்குப் பலூனும் இல்லை, ஸ்டென்டும் இல்லை, மாத்திரை இருக்கிறது. “ஆஞ்சியோ நார்மல், எல்லாம் மனசுதான்” என்று அத்தைகளையும் அக்காக்களையும் வீட்டில் வாயடைக்காதீர்கள்.

மாத்திரை எவ்வளவு நாள்?

பொதுவாக, மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் இன்னொரு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் சேர்த்து ஒரு வருடம். மாரடைப்பு இல்லாமல் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆறு மாதம். மாரடைப்பு இல்லாமல் மருந்து பலூன் மட்டும் என்றால் இரட்டை மாத்திரை ஒரு மாதத்திலேயே முடியலாம். பலூனின் பெரிய லாபம் இதுதான். அதற்குப் பிறகும் ஒரு மாத்திரை தொடரும். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் கூட்டிக் குறைத்துச் சொல்வார்.

சஷ்டி விரதம், பல் பிடுங்குவது, ஊர்த் திருவிழா என்று எதற்கும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவடையில் அரிவாள் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், சுத்தத் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

மருதம்பட்டைக் கஷாயம் அடைப்பைக் கரைக்குமாமே?

மருதம் நம் மரம், திருவிடைமருதூருக்குத் தல மரமே அதுதான். இதயத்துக்கு நல்லது என்று தலைமுறையாகக் குடிக்கிறார்கள். சுவருக்குள் உள்ள அடைப்பை அது கரைத்து நான் ஒரு ஆஞ்சியோவிலும் பார்த்ததில்லை. குடிக்க ஆசை என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தி, ஸ்டென்ட் மொத்தமாக உறைந்து அடைத்து ராத்திரியில் வந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

செலவு? முதலமைச்சர் காப்பீட்டில் வருமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பலூனாலோ ஸ்டென்டாலோ குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் அதில் வரும். மருந்து பலூன் அந்தப் பேக்கேஜில் சேருமா, கையிலிருந்து கட்ட வேண்டுமா என்பதை டேபிளில் ஏறும் முன்பே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, பிறகு அந்தத் தொகை மாறி வந்திருக்கிறது. அந்த உத்தரவு ஸ்டென்டுக்கு மட்டும், பலூனுக்கு இல்லை. அதனால் சில பில்களில் பலூன் ஸ்டென்டை விட விலையாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் 2019-ல் உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவு திறந்தார்கள். கடன் வாங்குவதற்கு முன் அங்கே ஒரு கருத்துக் கேளுங்கள்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் ராத்திரியில் நெஞ்சு வலி வந்தால்?

108. கார் தேடாதீர்கள், ஜெலுசில் குடித்துப் பார்க்காதீர்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமாகும் என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு மேலே அனுப்புவதுதான் முறை. 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகளை உடனே கொடுக்கிறார்கள். ஊசி போட்டு வலி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது, அடுத்த நாளுக்குள் ஆஞ்சியோ பார்க்க வேண்டும்.

ஸ்டென்ட் நகருமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

நகராது. எடுக்கலாம்.

பலூன் போட்டு ஆறு மாதம் ஆகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகலாமா?

வலியில்லாமல் தினமும் நாலைந்து கிலோமீட்டர் நடக்கிறவர் என்றால், டாக்டர் சரி என்றால், போகலாம். ஆகஸ்ட் கடைசி வெயிலில் பகலில் நடக்காமல் விடியற்காலையிலும் சாயங்காலமும் நடங்கள். சர்க்கரை இருந்தால் வேண்டுதலாகவே இருந்தாலும் வெறுங்காலோடு வேண்டாம். சுடுகிற தார் ரோட்டில் கால் கொப்பளித்தது தெரியாமலே புண்ணாகி வருவார்கள். மாத்திரையைப் பையில் போட்டு மற்றவரிடம் கொடுக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை உட்பட. அதை வைக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள், தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் 108-க்குச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், கூட நடக்கிறவர் போனிலும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.